பிரதிவாதி செவ்வந்தி

கீழப்பாலையூர்,
12.9.2023

அன்புத் தம்பி இளம்பரிதிக்கு அக்கா செவ்வந்தி எழுதுவது. நானும் தமிழ்நிலாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? காதை மூடிக்கொள்கிறாயா? சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் அடைக்கும்.

இந்த வருடம் தண்ணீர் வந்தது வராதது மாதிரிதான். குறுவை போட்டவர்கள் இன்ஜின் வைத்து இறைத்துப் பயிரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நான் நம் மூன்று மா நிலத்தையும் சம்பாவுக்கு உழுது போட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்நிலா பன்னிரண்டாவது முடித்ததும் நர்சிங் சேர வேண்டும் என்கிறாள். உன் மாமா இருந்திருந்தால் இப்போதே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

ஒன்று கேட்க வேண்டும். பக்கத்துத் தெரு ரசியா பேகம் வீட்டுக்குக் கோர்ட்டிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. ஏதோ கடன் பாக்கியாம். பாவம், ரொம்பப் பயந்துபோயிருக்கிறார். அப்படி வந்தால் போகத்தான் வேண்டுமா? போகாவிட்டால் போலீஸ் வருமா? அங்கே படித்தவர்கள் இருப்பார்களே, கேட்டு எழுது. அவருக்காகத்தான் கேட்கிறேன்.

போனில் கேட்கலாம் என்றால், எப்போதாவது கிடைக்கிற ஐந்து நிமிடமும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உடம்பு பத்திரம்.
அக்கா


56 ஏ.பி.ஓ. மூலம்,
22.9.2023

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நான் சுகம். காதை மூடியிருக்கிறேன், கவலைப்படாதே. உனக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நிலா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

எங்கள் ஆபீஸ் கிளார்க் சமீர், நாகப்பட்டினத்துக்காரர், சட்டம் படித்துப் பாதியில் விட்டவர். அவரிடம் கேட்டேன். கடன் வழக்குக்குப் போலீஸ் வராதாம். ஆனால் போகாமல் இருந்துவிட்டால், வழக்குப் போட்டவர் சொன்னதுதான் உண்மை என்று வைத்து ஒருதலையாகத் தீர்ப்பு எழுதிவிடுவார்களாம். முப்பது நாளுக்குள் பதிலைக் கொடுக்க வேண்டுமாம்.

அக்கா, ரசியா பேகம் அக்காவை எனக்குத் தெரியாதா? ஒரு உழக்குச் சர்க்கரை வாங்கினால்கூட அன்று மாலையே திருப்பிக் கொடுப்பவர். காகிதம் யாருக்கு வந்தது? நேராக எழுது.

இங்கே நேற்று ஒன்று நடந்தது. நாங்கள் இந்த எல்லைக் காவல் சாவடிக்கு வந்ததிலிருந்து எதிரே எப்போதும் ஒரு வெள்ளை மேகம் நிற்கும். மேகம் என்றுதான் நினைத்திருந்தோம். நேற்று காலை வானம் துடைத்து விட்டது போல இருந்தது. பார்த்தால் அது மலை. கழுத்தை முழுதாக நிமிர்த்தினால்தான் உச்சி தெரிந்தது. எல்லோரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றோம். அத்தனை மாதம் எங்கள் முன்னாலேயே நின்றிருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கிறேன்.
தம்பி இளம்பரிதி


கீழப்பாலையூர்,
3.10.2023

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. முட்டிவலி பரவாயில்லை. நிலா சாப்பிடுகிறாள். நீ எழுதிய மலையைப் பற்றி அவளுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

காகிதம் எனக்குத்தான் வந்தது.

போன மாதம் கோர்ட்டு அமீனா சைக்கிளில் வந்தார். நான் வாய்க்காலோரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "குஞ்சிதபாதம் மனைவி செவ்வந்தி நீங்கதானா?" என்றார். ஆமாங்க என்றேன். "கோர்ட்டு சம்மன். கையெழுத்துப் போடணும். கையக் கழுவிட்டு மெதுவா வாங்கம்மா, நிக்கிறேன்" என்றார். சாம்பல் கையோடு நான் ஓடி வந்து போடுவேன் என்று நினைத்திருப்பார் போல. நான் நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு போய்ப் போட்டேன். அதுவரை நின்றார்.

வழக்குப் போட்டிருப்பது பெரிய வீட்டுக் கமலாம்பாள் அம்மா. மூன்று வருடத்துக்கு முன்னால் குத்தகை பிடிக்கவும் இன்ஜின் வாங்கவும் உன் மாமா தியாகராசன் ஐயாவிடம் ஒரு லட்சம் வாங்கினார். புரோநோட்டை ஐயா தன் மனைவி பேரில் எழுதச் சொன்னார். நானும் மாமாவும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த தையில் அறுவடை முடிந்ததும் அறுபது மூட்டை நெல்லைக் கடனுக்காகக் கொண்டுபோய் அவர்கள் குடோனில் இறக்கினோம். அன்றைக்கு ஐயா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகன் ராஜராஜன் சென்னையில். அம்மாதான் சாவியை எடுத்து வந்து குடோனைத் திறந்துவிட்டார். புரோநோட்டில் வரவு வைக்க வேண்டுமே என்று மாமா கேட்டதற்கு, "ஐயா வந்ததும் எழுதிக்கலாம்பா" என்றார். ஐயா திரும்பி வரவே இல்லை. அந்த வருடமே மாமாவும் போய்விட்டார். இப்போது ராஜராஜன் அம்மா பேரில் முழுப் பணமும் வட்டியும் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறான். நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தம்பி, எனக்குப் பயம்தான். ஆனால் அந்தக் காகிதத்தைப் படிக்கப் படிக்க இன்னொன்றும் தோன்றுகிறது. "மேற்படி வழக்கில் உங்கள் பதிலைத் தாக்கல் செய்ய வேண்டியது" என்று அச்சடித்து, அதற்குக் கீழே கோர்ட்டு முத்திரை குத்தியிருக்கிறது. நம் அப்பா அந்தப் பெரிய வீட்டில் முப்பது வருடம் பண்ணை வேலை பார்த்தார். அவரிடம் வேலை சொன்னவர்கள் உண்டு. நீ என்ன சொல்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் அப்படித்தான். இந்தக் காகிதம் கேட்கிறது. இரவு அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. பயத்தால் மட்டும் இல்லை.

நான் என்ன செய்யட்டும்? போகவா, இல்லை கை காலில் விழுந்து பேசி முடிக்கவா? நீ சொல்வதைச் செய்கிறேன். கெடு இந்த மாதம் பதினோராம் தேதி. சீக்கிரம் எழுது.

அக்கா


கீழப்பாலையூர்,
20.10.2023

அன்புத் தம்பிக்கு. நலம்தானே? உன் பதில் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அவர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போவார். கெடு நெருங்கியது. நானே போனேன்.

திருத்துறைப்பூண்டி கோர்ட்டு வளாகத்தில் சட்ட உதவி மையம் என்று ஒரு அறை இருக்கிறது. பெண்களுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் அங்கே வக்கீலுக்குக் காசு கிடையாதாம். முத்துப்பேட்டையைச் சேர்ந்த அஃப்ரீன் என்ற வக்கீலம்மாவைக் கொடுத்தார்கள். நிலாவைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எதிரே உட்கார வைத்தார்.

"பிராதுல அவங்க சொல்லியிருக்கறத ஒவ்வொரு பத்தியா படிப்பேன். உண்மைன்னா உண்மைன்னு சொல்லுங்க. பொய்னா பொய். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. மூணுமே பதில்தான்."

தெரியாது என்பதும் ஒரு பதில் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் படித்தார். கடன் வாங்கியது? உண்மை. கையெழுத்து? "என்னுதுதாங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, இந்த மாதிரி வழக்குல பாதிப் பேர் கையெழுத்தே என்னுது இல்லன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் அப்படிச் சொல்லச் சொல்லல. யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னங்க இருக்கு. நான்தானே போட்டேன். நெல்லு எறக்குனதும் நான்தான். ரெண்டையும் எழுதுங்க."

எழுதினார். என் வார்த்தைகள் டைப் ஆகித் தாளில் வந்தன. 'பிரதிவாதி பணிவுடன் சமர்ப்பிப்பது' என்று மேலே போட்டிருந்தது. என் பேச்சுக்கு அப்படி ஒரு தலைப்பு! கெடு முடிவதற்குள் கோர்ட்டில் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் வாய்தா. கறுப்புக் கோட்டுகள், கட்டுக் கட்டாகக் காகிதம், மேலே சுற்றும் விசிறி. கல்யாண மண்டபம் போல அவ்வளவு பேர். டவாலி வாசலில் வந்து நின்று, "பிரதிவாதி செவ்வந்தீ!" என்று கூப்பிட்டார். நம் ஊரில் என்னைக் குஞ்சிதபாதம் பெண்டாட்டி என்பார்கள், நிலா அம்மா என்பார்கள். என் பேரை அத்தனை சத்தமாக, அத்தனை பேர் கேட்க, யாரும் கூப்பிட்டதே இல்லை. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. உள்ளே போய் நின்றேன். ஜட்ஜம்மா சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்து, "பதில் தாக்கல் பண்ணிட்டீங்களாம்மா?" என்றார். "பண்ணிட்டேங்க" என்றேன். குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, காரணம் தெரியாமல் அழுதேன்.

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரியாவது எழுது.

அக்கா


கீழப்பாலையூர்,
2.12.2023

அன்புத் தம்பிக்கு. இன்னும் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நீ கொடுத்த நம்பருக்கு நிலா போன் போட்டாள். இந்தியில் யாரோ பேசி, "டீக் ஹை, டீக் ஹை" என்றார்கள். நன்றாக இருக்கிறான் என்றுதான் அர்த்தமாம். நன்றாக இருப்பவன் ஏன் எழுதவில்லை?

மழை பெய்தது. சம்பா தூர் கட்டிவிட்டது. வழக்கைப் பற்றி இப்போது பேச்சில்லை. நீ எழுது, போதும்.

அக்கா


இராணுவ மருத்துவமனை, சண்டிகர்,
19.12.2023

அன்புள்ள அக்காவுக்கு. நான் நலம். மேலே உள்ள முகவரியைப் பார்த்துப் பயப்படாதே. பனிக்காலத்தில் எல்லோரையும் கீழே கொண்டுவந்து உடம்பைப் பரிசோதிப்பது வழக்கம். இங்கே கட்டில், கம்பளி, வேளாவேளைக்கு முட்டை எல்லாம் உண்டு.

அக்டோபர் தொடக்கத்திலேயே பனி விழுந்து பாதை மூடிவிட்டது. அதற்குப் பிறகு நீ எழுதிய கடிதங்கள் மொத்தமாக இங்கே வந்து சேர்ந்தன. கோர்ட்டில் உன் பெயரைக் கூப்பிட்டதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பெரிய வீட்டு நெல்லைப் பற்றி நீ கோர்ட்டில் எழுதிக் கொடுத்தாய் என்பதை என்னால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. நானாக இருந்தால் செய்திருப்பேனா? இங்கே துப்பாக்கியோடு நிற்பது வேறு.

இனி நீ நினைப்பதையே செய். வக்கீலம்மாவுக்கு என் வணக்கம்.

தம்பி
(கை கொஞ்சம் விறைத்திருப்பதால் அவர் சொல்ல நான் எழுதினேன். துணைக்கு வந்திருக்கும் சமீர்.)


கீழப்பாலையூர்,
17.1.2024

அன்புத் தம்பிக்கு. பொங்கல் நன்றாக நடந்தது. உன் பேரைச் சொல்லி ஒரு கரும்பு தனியாக வைத்தோம். உனக்காகக் கடிதம் எழுதிய சமீருக்கு நானும் நிலாவும் கடன்பட்டிருக்கிறோம் என்று சொல். ஆனால் கை விறைத்தவனுக்கு இத்தனை நாள் ஆஸ்பத்திரியா? நிலா நர்சிங் படிக்கப் போகிறவள், விடாமல் கேட்கிறாள். நான் என்ன சொல்வது?

உன் அக்டோபர் மாதத்துக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. உறை கசங்கி, எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது. 'கோர்ட்டுப் படி ஏறாதே அக்கா, அது நமக்கான இடம் இல்லை, நான் பணம் புரட்டி அனுப்புகிறேன், ராஜராஜனிடம் கையைக் கட்டிக்கொண்டு போய்ப் பேசி முடித்துவிடு' என்று எழுதியிருக்கிறாய். இது கெடு முடிவதற்குள் வந்திருந்தால், நீ சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு போயிருப்பேன். பாதையை மூடிய அந்தப் பனியை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வருத்தப்படாதே. என் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதினாய். உன் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும்.

அக்கா


சண்டிகர்,
11.3.2024

அன்புள்ள அக்காவுக்கு. இதோ என் கையெழுத்து. கோணலாக இருந்தாலும் என்னுடையது. நான் சுகம். உனக்கும் நிலாவுக்கும் சளி காய்ச்சல் இல்லையே? பரீட்சை நேரம், அவளை வயலுக்குக் கூப்பிடாதே.

இனி மலைக்கு அனுப்பமாட்டார்களாம். கீழே ஸ்டோரில் வேலை. நிழலில் உட்கார்ந்து செய்வது. உனக்கு நிம்மதிதானே? வழக்கு எந்த அளவில் இருக்கிறது?

தம்பி


கீழப்பாலையூர்,
18.7.2024

அன்புத் தம்பிக்கு. உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நிலா நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஆற்றில் இன்னும் தண்ணீர் இல்லை.

நேற்று சாட்சி விசாரணை. இதை உனக்குச் சொல்லாமல் என்னால் இன்னொரு வேலை செய்ய முடியாது.

போன வாய்தாவில் அம்மாவுக்குப் பதிலாக ராஜராஜன்தான் பவர் பத்திரம் வாங்கிக்கொண்டு கூண்டில் ஏற வந்தான். அஃப்ரீன் எழுந்து, "நெல்லு வாங்கினதா நாங்க சொல்றது வாதியான அம்மாவை. மகன் அப்ப ஊர்லயே இல்ல. தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்" என்றார். ஜட்ஜம்மா ஒப்புக்கொண்டார். அதனால் நேற்று கமலாம்பாள் அம்மாவே வந்தார்.

காரிலிருந்து இறங்கி வந்தபோது பார்த்தேன். ஐயா போன பிறகு ரொம்ப மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

டவாலி பேரைக் கூப்பிட்டதும் அவருக்கும் உடம்பு சிலிர்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சத்தியம் செய்யச் சொன்னார்கள். 'நான் சொல்வதெல்லாம் உண்மை' என்று முழுதாகச் சொல்லி முடித்தார். வாக்குமூலம் முன்பே டைப் அடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அஃப்ரீன் அதைக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துங்களாம்மா?"

"ஆமா."

"படிச்சுப் பாத்துட்டுப் போட்டீங்களா?"

"புள்ள போடச் சொல்லிச்சு. போட்டேன்."

ராஜராஜனின் வக்கீல் அசைந்து உட்கார்ந்தார். அஃப்ரீன் குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதுபோலக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, தை மாசம், குடோன் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டத்தான்."

"பிரதிவாதியும் அவங்க வீட்டுக்காரரும் அறுபது மூட்டை நெல்லைக் கொண்டாந்து எறக்குனாங்கன்னு சொல்றோம். நீங்க என்ன சொல்றீங்க?"

தம்பி, அந்த இடத்தை எப்படி எழுதுவது? ராஜராஜன் முன் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. அம்மா என்ன சொல்லுவார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. பெற்ற பிள்ளை, சொந்தப் பணம், எதிரே நிற்பது பண்ணையாள் மகள். ஒரு 'இல்லை' போதும். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஜட்ஜம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அத்தனை பெரிய இடம் ஒரு பெண் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு அப்படிக் காத்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கமலாம்பாள் அம்மா மகனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வந்துச்சு" என்றார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார் ஜட்ஜம்மா.

"நெல்லு வந்துச்சுங்க. நான்தான் கதவத் தொறந்து விட்டேன். வரவு வைக்கச் சொல்லிக் குஞ்சிதபாதம் கேட்டான். ஐயா வந்ததும் எழுதிக்கலாம்னு சொன்னேன். அவரும் வரல. இவன்கிட்ட நான் சொன்னேன், காகிதத்துல இல்லையேம்மான்னுட்டான். காகிதத்துல இல்லாட்டி வரலன்னு ஆயிடுமா?"

ஜட்ஜம்மா ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லி டைப் அடிக்க வைத்தார். எனக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்கும் என்று நினைக்காதே. அது அப்போது வரவே இல்லை. இருட்டில் போகும்போது திடீரென்று கோபுரம் எதிரே வந்து நிற்குமே, அப்படி ஒரு மலைப்பு. இந்த அம்மாவை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் வெளியே வந்தால், அம்மா தனியாக வராந்தாவில் நிற்கிறார். ராஜராஜன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போனும் அவனிடம்தான். நான் கிட்டே போகத் தயங்கினேன். அஃப்ரீன் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினார்.

"பஸ்ல வர்றீங்களாம்மா? நானும் அந்தப் பக்கம்தான்" என்றேன்.

"பஸ்ஸுல ஏறிப் பல வருஷமாச்சு" என்றார். ஆனால் வந்தார்.

ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், தம்பி. அவர் வீட்டுக் கொல்லைப்பக்கம் தவிர வேறு வழியாக நான் உள்ளே போனதில்லை. கண்டக்டர் வந்ததும் பர்ஸைத் திறந்து ரூபாயை நீட்டினார். "டவுன் பஸ்ல லேடீஸுக்குக் காசு இல்லீங்கம்மா" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். அம்மா அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "எல்லாருக்குமா?" என்றார். "எல்லாப் பொம்பளைக்கும்தாங்க" என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

ஊர் வரும் சமயத்தில் கேட்டுவிட்டேன். "ஏம்மா சொன்னீங்க? பிள்ளை மனசு நோகுமே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நோகும்தான்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுச்சுல்ல. எங்க வீட்டுல அப்படி ஒருத்தரும் கேட்டதில்ல, செவ்வந்தி" என்றார்.

இறங்கும்போது கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இறங்கினார்.

இனி தீர்ப்பு எப்படி வந்தாலும் எனக்குச் சரி. நீ எழுது.

அக்கா


அம்பாலா,
9.8.2024

அன்புள்ள அக்காவுக்கு. நீயும் நிலாவும் சுகம் என்று நம்புகிறேன். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன். நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?

உன் கடிதத்தை ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். அந்த அம்மா 'வந்துச்சு' என்று சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். இங்கே மாற்றலாகி வந்திருக்கும் சமீருக்கும் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல நீ எதை மறைக்கிற?" என்றார்.

சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் நாங்கள் ரோந்து போனபோது பனிச்சரிவு வந்தது. நீ இடி மாதிரி சத்தம் கேட்டிருக்கும் என்று நினைப்பாய். முதலில் சத்தமே இல்லை. எதிர்ச்சரிவு முழுவதும் ஒரு துணியை இழுப்பதுபோல மெதுவாக நகர்ந்தது. பயப்படக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு பெரிதாக இருந்தது. அப்புறம் எங்கும் வெள்ளை. நாலு பேரில் மூன்று பேரை உயிரோடு எடுத்தார்கள். நாலாவது ஆள் எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரன். அவன் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை.

வலது காலில் பெருவிரலும் அடுத்த இரண்டும் இல்லை. குளிரில் செத்துப்போனதால் எடுத்துவிட்டார்கள். கை சரியாகிவிட்டது. நீ வழக்கோடு தனியாக அலைந்துகொண்டிருந்தாய், அதற்கு மேல் இதையும் உன் தலையில் ஏற்ற வேண்டாம் என்றுதான் எழுதவில்லை.

பூட்ஸ் போட்டால் யாருக்கும் தெரியாது. சமதரையில் நன்றாக நடக்கிறேன். பெருவிரல் இல்லாததால் குறுகலான இடத்தில் மட்டும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அக்டோபரில் நாற்பது நாள் லீவு கிடைக்கும். வீட்டுக்கு வருவேன். வயலுக்கு வருவது சந்தேகம். நம் வரப்பில் சாதாரணக் காலுக்கே ஒற்றை ஆள்தான் நடக்க முடியும்.

நிலாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

தம்பி இளம்பரிதி


கீழப்பாலையூர்,
25.9.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்த அன்று அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் மூட்டினோம். நிலா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். கால் புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். இறந்துபோன அந்தப் பிள்ளையின் வீட்டு முகவரி இருந்தால் அனுப்பு. அவன் அம்மாவுக்கு நான் எழுத வேண்டும். இந்தி தெரியாவிட்டால் என்ன, சமீர் மாற்றி எழுதிக் கொடுக்கட்டும்.

தீர்ப்பு வந்துவிட்டது. நெல்லுக்கு அந்த வருடத்து அரசாங்கக் கொள்முதல் விலையைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டார்கள். மீதி கொஞ்சம்தான். அதை மாதத் தவணையாகக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். 'பிரதிவாதி தன் கையெழுத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்' என்று ஜட்ஜம்மா தீர்ப்பில் எழுதியிருப்பதை அஃப்ரீன் விரல் வைத்துக் காட்டினார்.

முதல் தவணையைக் கட்டிவிட்டுக் கமலாம்பாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். மகன் சென்னைக்குப் போய்விட்டானாம், இன்னும் பேசவில்லையாம். முன்வாசலிலேயே கூப்பிட்டு, "உக்காரு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். காபி வந்தது. வழக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை. உன் காலைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் போன மாதமே வந்துவிட்டது. வாய்க்கால் நிறைய ஓடுகிறது. வயலுக்கு வரச் சந்தேகம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த மறுவாரமே இரண்டு ஆள் வைத்து, மதகிலிருந்து நம் கடைசி வயல் வரை வரப்பை அகலமாக வெட்டிப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் நானும் மண் சுமந்தேன். "இவ்வளவு நெலத்த வரப்புக்கே குடுக்குறியேக்கா, நெல்லு குறையுமே" என்று வெட்டியவர்கள் கேட்டார்கள். குறையட்டும் என்றேன்.

நேற்று நானும் நிலாவும் நடந்து பார்த்தோம். இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்கலாம். நீ வா.

அக்கா செவ்வந்தி